எத்தனை நாள் நின்றது?

கொள்ளிடத்தில் வெள்ளம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, “தண்ணி எவ்வளவு ஏறுச்சு?” என்பதுதான். முழங்காலா, இடுப்பா, கழுத்தா என்று விசாரிப்பார்கள். 1924 ஜூலை வெள்ளத்தையும் 1977 நவம்பர் வெள்ளத்தையும் டெல்டா இன்றும் உயரத்தை வைத்தே நினைவில் வைத்திருக்கிறது. வீட்டுக்கு அது சரியான அளவு. இடுப்பளவு தண்ணீர் வந்த வீட்டில் அரிசி மூட்டையும் போச்சு, அடுப்பும் போச்சு. வயலுக்கு அந்த அளவு போதாது. இடுப்பளவு தண்ணீர் வந்து ஒன்றரை நாளில் வடிந்த நெல் பிழைத்துக்கொள்கிறது. முழங்கால் அளவே வந்து 12 நாள் நின்ற நெல் கையில் எடுத்தால் கூழாகக் கரைகிறது. அப்படியிருந்தும் வயலைப் பார்க்க வருகிறவர்களும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை நாள் நின்றது என்று கேட்கிறவர் அரிது. இந்தக் கேள்வி விடுபட்டுப் போவதுதான் டெல்டாவின் வெள்ளச் சேதத்தில் பாதிக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உயரத்தைக் கேட்டால் கண் ஆற்றங்கரைக்குப் போகும், நாளைக் கேட்டால் வடிகாலுக்குப் போகும்.

ஒரே ஆண்டில் இரண்டு வெள்ளங்கள் இதை அப்பட்டமாகக் காட்டின. 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, மேட்டூரும் 120 அடியில் நிற்க, வந்த தண்ணீர் அப்படியே திறந்துவிடப்பட்டது. விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல். திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் அதன் பெரும்பகுதி கொள்ளிடத்துக்குத் திரும்பியது. கொள்ளிடத்தின் வேலையே அதுதான், காவிரியும் வெண்ணாறும் தாங்காததை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போவது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் என்று இரு கரைக்கும் நடுவே இருக்கிற ஊர்கள் தண்ணீரில் நின்றன. படுகையில் இருந்த தோட்டப்பயிர் மூழ்கியது. ஆனால் கரைக்கு வெளியே இருந்த நன்செய்க்குள் ஆறு வரவில்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 11-ஆம் தேதி, சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகஸ்டில் தப்பித்த அதே நன்செய், தூர் கட்டிக்கொண்டிருந்த, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டு விட்டுக்கொண்டிருந்த சம்பாவோடு நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. ஆகஸ்ட் வெள்ளத்துக்கு ஆறு காரணம், நவம்பர் வெள்ளத்துக்கு மழை காரணம் என்று பிரித்துவிடலாம். அது பாதிதான் சரி. நவம்பர் மழை வயலிலேயே தங்கிப்போனதற்குக் காரணம், அது போக வேண்டிய வழி.

தண்ணீருக்குள் நெல்லுக்கு என்ன ஆகிறது

நெல் தண்ணீர்ப் பயிர்தானே, நின்றால் என்ன என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. வேர் தண்ணீரில் நிற்கலாம், இலை நிற்கக் கூடாது. நெல்லின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜன் இறங்குகிறது. இலை நுனி தண்ணீருக்கு மேலே நாலு விரல் தெரிந்தால்கூட அந்தக் குழாய் வேலை செய்யும். முழுக்க மூழ்கிவிட்டால் நின்றுபோகும். காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் வாயுக்கள் தண்ணீரில் பரவும். அதோடு கலங்கல் தண்ணீரென்றால் வெளிச்சமும் இல்லை. பயிர் சமைக்க முடியாமல், சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று உயிர் வாழும். இதோடு மேலே எட்டிப் பார்க்க வேண்டும் என்று தண்டை நீட்டவும் செய்யும். நீட்டி நீட்டிச் சத்தெல்லாம் தீர்ந்த நிலையில் தண்ணீர் வடிந்தால் நிற்க வலுவில்லாமல் சாய்ந்துவிடும்.

நாள் கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். நேரடி விதைப்பில் விதைத்த மறுநாள் மழை பெய்து தண்ணீர் நின்றால், மூன்று நான்கு நாளில் முளை அழுகத் தொடங்கும். நட்டு 10 நாளான தாளடிப் பயிர் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. தூர் கட்டிய சம்பா, தண்ணீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால், வாரத்துக்கு மேலும் தாங்கும். கதிர் வெளிவந்து பூக்கும்போது இரண்டு மூன்று நாள் மூழ்கினால் போதும், மகரந்தம் கெட்டுப் பதராகும். அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்து தண்ணீரில் படுத்தால், அதே இரண்டு மூன்று நாளில் கதிரிலேயே முளைக்கும். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டா இதைத்தான் பார்த்தது. ஆக, “பயிர் மூழ்கியது” என்ற ஒற்றை வரிக்குள் நாலைந்து வேறுவேறு சேதங்கள் அடங்கியிருக்கின்றன. எந்தப் பருவத்தில், எத்தனை நாள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வரிக்குப் பொருள்.

மூழ்கினாலும் தாங்கும் ரகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒடிசாவின் பழைய ரகமொன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லில் கண்டுபிடித்த சப்1 மரபணுவை நம் ரகங்களில் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. டெல்டாவுக்கு வந்தது சிஆர் 1009 சப்1. அந்த மரபணு செய்கிற வேலை, தண்ணீருக்குள் தண்டை நீட்டவிடாமல் பயிரைச் சும்மா இருக்கச் செய்வது. நீட்டுவதில் செலவாகும் சத்து மிச்சமாகி, இரண்டு வாரம் வரை முழுக்க மூழ்கியிருந்தாலும் வடிந்தபின் துளிர்க்கும். ஆனால் இது வளர்ச்சிப் பருவத்துக்கு மட்டும்தான். பூக்கும்போதோ முளைக்கும்போதோ மூழ்கினால் உதவாது. இன்னொன்றும் உண்டு, விதை வாங்கும் இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. வடிகால் அடைத்த தாழ்வு வயலில் தண்ணீர் முழுதாக மூழ்கடிக்காமல் முழங்கால் உயரத்தில் ஒரு மாதம் நின்றால், நீண்டு வளராத இந்தக் குணமே பயிருக்குப் பாதகமாகும். வெள்ளம் வந்து வடிகிற வயலுக்கு சப்1 சரி. தேங்கிக் கிடக்கும் வயலுக்கு வடிகால்தான் மருந்து.

ஆயிரம் ஏக்கரும் ஒரு வடிகாலும்

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். எல்லா விவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால், ஏறத்தாழ 2 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் வெளியேறும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 44 சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ ஒரு முழம், அதாவது கிட்டத்தட்ட 1.44 அடி. ஒரு வடிகாலை நம்பி 1,000 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது முழுவதும் போக 1 கனஅடி வீதம் 728 நாள் ஓட வேண்டும். மூன்றே நாளில் வடிக்க வேண்டுமானால் விநாடிக்கு 243 கனஅடி போக வேண்டும்.

இப்போது வடிகாலைப் பாருங்கள். 15 அடி அகலம், 4 அடி ஆழம், தண்ணீர் விநாடிக்கு 2 அடி வேகத்தில் ஓடுகிறது என்றால் 120 கனஅடி. ஆயிரம் ஏக்கரும் வடிய 6 நாள். தூர் கட்டிய சம்பா அதைத் தாங்கிவிடும். அதே வடிகால் இரண்டடி மேடிட்டு, வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி வேகம் பாதியாகிவிட்டது என்று வைப்போம். 15-ஐ 2-ஆல் பெருக்கி, வேகம் 1 அடி. 30 கனஅடி. 6 நாளில் வடிய வேண்டியது 24 நாளாகிறது. ஆழம் பாதி, வேகம் பாதி, விளைவு நாலில் ஒன்று. பாதி தூர்ந்த வடிகால் பாதி வேலையாவது செய்யும் என்ற நினைப்பு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. உண்மையில் மண் உறிஞ்சுவது கொஞ்சம் கழியும், மேட்டு வயலிலிருந்து இறங்கி வருவது அதைவிட அதிகமாகச் சேரும். எப்படிக் கழித்துக் கூட்டினாலும் ஆறுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவே உள்ள அந்தத் தூரத்தில்தான் ஒரு போகம் இருக்கிறது.

மேடும் செடியும் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் படாத அடைப்பு, குழாய். வயலுக்கு டிராக்டர் போக, அறுவடை இயந்திரம் போக, வடிகாலின் குறுக்கே குழாய் போட்டு மண்ணைத் தள்ளிப் பாதை அமைப்பது எங்கும் நடக்கிறது. பாதை தேவைதான், அதில் சண்டை இல்லை. குழாயின் அளவுதான் பிரச்சினை. ஓர் அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய், இரு பக்கமும் அரை அடி நீர்மட்ட வித்தியாசத்தில், 2 அல்லது 3 கனஅடிக்கு மேல் விடாது. மூன்று குழாய் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மூன்றடிக் குழாய்க்குச் சமம் என்று பலர் நம்புகிறார்கள். மூன்றடிக் குழாயின் வாய் ஓரடிக் குழாயின் வாயைப்போல 9 மடங்கு. ஆக மூன்று ஓரடிக் குழாய்கள் சேர்ந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். 120 கனஅடி ஓடக்கூடிய வடிகாலில் இப்படி ஒரு பாதை அமைந்தால், மேலே உள்ள அத்தனை ஏக்கருக்கும் அதுதான் கழுத்து. முதல் மழையிலேயே மிதந்து வரும் வெங்காயத்தாமரை அந்த வாயில் மெத்தைபோல் படிந்து அடைத்துக்கொள்ளும். மழை நாளில் வடிகாலை நெடுகப் பார்த்து வருகிறவர் ஒவ்வொரு பாதையிலும் இரு பக்க நீர்மட்டத்தையும் ஒரு கழியால் அளந்தாலே போதும். மேல்பக்கம் அரை அடிக்கு மேல் ஏறி நின்றால் அடைப்பு அங்கேதான். கழியும் அரிவாளும் கொண்டு இரண்டு ஆள் அரை மணி நேரம் செய்கிற வேலை, சில இடங்களில் நூறு ஏக்கரைக் காப்பாற்றும்.

தூர்வாருவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாசன வாய்க்காலை மேலிருந்து கீழே வாரினாலும் பரவாயில்லை. வடிகாலை, அது ஆற்றில் சேரும் வாயிலிருந்து மேல்நோக்கித்தான் வார வேண்டும். கீழே மேடு இருக்கும்போது மேலே மட்டும் ஆழப்படுத்தினால் அங்கே குட்டைதான் உருவாகும், தண்ணீர் ஓடாது. வாரிய மண்ணைக் கரையின் விளிம்பிலேயே குவித்தால் முதல் மழைக்கே சரிந்து உள்ளே விழும். விளிம்பிலிருந்து நாலைந்து அடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும். காட்டாமணக்கை வெட்டினால் மட்டும் போதாது, அது விழுந்த தண்டிலிருந்தே வேர்விடும். வேரோடு பெயர்த்துக் கரைக்கு மேலே காயப்போட வேண்டும். வேலை கோடையில் முடிந்தாக வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று எல்லாக் கண்ணும் பாசன வாய்க்கால் மேலேயே இருக்கும். பாசனம் தூர்ந்திருந்தால் அந்த மாதமே கடைமடை வறண்டு குரல் எழும். வடிகால் தூர்ந்திருப்பது ஐந்து மாதம் கழித்து ஐப்பசியில்தான் தெரியும், அப்போது இயந்திரம் இறங்க இடமிருக்காது.

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. 1836-இல் கட்டிய அணை. அன்றிரவே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது, புதிய கதவணையும் வந்தது. அது வேண்டியதுதான். ஆனால் ஒரு வடிகால் தூர்ந்துபோவதற்குத் தேதி கிடையாது. ஆண்டுக்கு நாலு விரல் மேடிட்டு ஏழெட்டு வருடத்தில் நடக்கும் அந்த இடிபாடு எந்தச் செய்தியிலும் வராது. இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

வாய் மூடும் நேரம்

வடிகாலைச் சுத்தமாக வைத்திருந்தும் தண்ணீர் வடியாத நேரம் ஒன்று உண்டு. வடிகால் போய்ச் சேரும் ஆறு நிறைந்து ஓடும்போது, ஆற்று மட்டம் வயல் மட்டத்தைவிட உயர்ந்துவிடும். அப்போது கரையில் உள்ள வடிமதகைத் திறந்தால் ஆறு உள்ளே வரும். மூடித்தான் வைக்க வேண்டும். மூடினால் வயல் தண்ணீர் வெளியே போகாது. கடலோரத்தில் ஆற்றுக்குப் பதிலாக ஓதம், கடல்நீர் ஏறி இறங்குவது. உப்பனாறு போன்ற கடைசி வடிகால்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதம் ஏறும், இரண்டு முறை இறங்கும். இறங்கும் அந்தச் சில மணி நேரம்தான் வயல் வடிய வாய்ப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டுமே பெரிது. ஏறும்போது மதகை மூடத் தவறினால் உப்புத் தண்ணீர் நுழைந்து அடுத்த போகத்தையும் கெடுக்கும். இறங்கும்போது திறக்கத் தவறினால் அரை நாள் வீண். கடைமடையில் மதகுக் கதவுக்குக் கிரீஸ் போட்டிருக்கிறதா, திருகு சுழல்கிறதா, கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றும் புரட்டாசியிலேயே தெரிந்திருக்க வேண்டும். மழை இரவில் துருப்பிடித்த திருகோடு மல்லுக்கட்டுவது பரிதாபமான காட்சி.

மதகு மூடிய நேரத்தில் இன்ஜின் வைத்து இறைக்கலாமா? ஒரு ஏக்கரில் ஓர் அடித் தண்ணீர் என்றால் 12.3 லட்சம் லிட்டர். 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் விநாடிக்கு 12 லிட்டர் தள்ளினால், 28 மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓட வேண்டும். மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி டீசல் போகும். நாற்றங்காலைக் காப்பாற்ற இது பொருந்தும். 20 சென்ட் நாற்றங்கால், ஐந்தாறு மணி நேரத்தில் வேலை முடியும். அதற்கும் முதலில் நாலு பக்கமும் வரப்பை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இறைத்த தண்ணீர் பின்பக்கமாக வந்து நிற்கும். பத்து ஏக்கர் சம்பாவை இன்ஜினால் காப்பாற்றுவது நடக்காத காரியம்.

ஆறு நிறைந்திருக்கும்போது கரையின் வயல்பக்க அடிவாரத்தில் இன்னொன்றும் நடக்கும். கரைக்கு அடியில் மணல் இருந்தால், ஆற்றின் அழுத்தத்தில் தண்ணீர் அடியோடு வந்து வயல் பக்கம் கொப்பளிக்கும். சின்னக் குமிழியைச் சுற்றி எறும்புப் புற்றுபோல மணல் வட்டமாகக் கட்டியிருக்கும். வருகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக, மணலோடு வந்தால் கரை அடியில் குடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பதறிப்போய் அதை அடைக்கிறார்கள். அடைக்கவே கூடாது. ஓரிடத்தில் அடைத்தால் பக்கத்தில் பீறிடும். குமிழியைச் சுற்றி மணல் மூட்டையைக் கிணற்று உறைபோல வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயரவிட வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரின் எடையே எதிர் அழுத்தமாகும். வருகிற தண்ணீர் தெளிகிற உயரம் வந்ததும் நிறுத்தி, மிஞ்சுவதை ஒரு பக்கமாக வழியவிட வேண்டும். சாக்கை வாய்வரை நிரப்பினால் உருண்டையாக நிற்கும், இடுக்கு விடும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, வாயை மடித்து அடியில் கொடுத்து மிதித்தால் பலகைபோலப் படியும். நண்டு வளை, எலி வளையிலும் இதே கதைதான். அவற்றை மட்டும் கோடையிலேயே வெட்டித் திறந்து, களிமண் போட்டு இடித்து மூடிவிடலாம்.

படுகை

படுகை நிலத்துக்கு வடிகால் பேச்சே பொருந்தாது. அது ஆற்றின் இடம். இரு கரைக்கும் நடுவே வாழை, கரும்பு, கோரை, மல்லிகை, காய்கறி என்று விளைகிற அந்த மண்ணின் கொடையும் ஆபத்தும் ஆறுதான். இங்கே நாள் கணக்கு இன்னும் கறார். வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றிரண்டு நாள் தேங்கினாலே வேரழுகி வாடும். வாழை மூன்று நாளில் வேர் கறுக்கத் தொடங்கும், ஒரு வாரத்தில் கிழங்கு அழுகும். கரும்பு குருத்து வெளியே தெரிந்தால் ஒரு வாரமும் தாங்கும், குருத்துக்குள் சேறு இறங்கினால் போச்சு. மேட்டூரில் அதிகப்படுத்திய தண்ணீர் முக்கொம்புக்கு வரவே ஒரு நாளை ஒட்டி ஆகும், கடலோரத் திட்டுகளுக்கு அதற்கும் மேல். அந்த நேரம் மாடு, மோட்டார், பறிக்கத் தகுந்த காய், பூ என்ற வரிசைக்குத்தான் போதும். மூழ்கிய மோட்டாரை வடிந்ததும் சுவிட்ச் போட்டுப் பார்ப்பதில்தான் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிகிறது. கழற்றி உலர்த்தி, மின் கசிவு சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். பெருவெள்ளம் வரும் மாதங்கள் ஏறத்தாழத் தெரிந்தவை: ஆடி, ஆவணி, பிறகு ஐப்பசி, கார்த்திகை. தையில் தொடங்கி ஆனிக்குள் முடிகிற காய்கறி, பயறு வகைகள்தான் படுகையின் தாழ்ந்த பகுதிக்கு நியாயமான பயிர். ஆண்டுப் பயிரான வாழையை மேட்டுப் பகுதிக்கு ஒதுக்க வேண்டும்.

வெள்ளம் வந்தால் வண்டல் வரும், அடுத்த விளைச்சல் ஈடுகட்டும் என்று பழைய ஆறுதல் ஒன்று இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே படிகிறது. வேகமாக வரும் ஆறு படுகையில் போட்டுப் போவது பல இடங்களில் மணல். பேரிடர் நிவாரணத்தின் 2022-26 விதிப்படி, 3 அங்குலத்துக்கு மேல் மணலோ சேறோ படிந்தால் அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், ஏக்கருக்கு 7,300 ரூபாய் அளவில். 3 அங்குலம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு ஏக்கரில் அது 109 யூனிட் மணல், யூனிட் என்றால் 100 கனஅடி. 109 யூனிட்டை அள்ள, ஏற்ற, கொட்ட 7,300 ரூபாய் எந்த மூலைக்கு? நாலு விரல் அளவு வரை படிந்ததை ஆழ உழுது அடிமண்ணோடு கலந்து, தொழு உரம் போட்டு மீட்கலாம். அரை அடிக்கு மேல் போனால் அள்ளியே தீர வேண்டும், வெளியே கொண்டுபோக அனுமதியும் வேண்டும். உழுவதற்கு முன் ஸ்கேலை மணலில் ஊன்றி, பழைய மண் தெரிகிற குழியோடு படம் எடுத்து வைப்பது முக்கியம். உழுத பிறகு அந்த 3 அங்குலத்தை யாரும் காட்ட முடியாது.

வடிந்த மறுநாள்

வடிந்த வயலில் முதலில் செய்ய வேண்டியது, நடந்து மிதிக்காமல் ஓரத்திலிருந்து பார்ப்பது. நாலைந்து இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் நசுக்குங்கள். கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து நாற்றம் வந்தால் இல்லை. மேலே இலை பழுப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு வாரம் மூழ்கிய பயிரைச் சுள்ளென்ற வெயிலில் ஒட்ட வடித்து நிறுத்துவதும் ஆபத்து. வேர் இன்னும் வேலைக்கு வரவில்லை, இலை நீரை இழந்து ஒரே நாளில் வெளுத்துவிடும். இரண்டு அங்குலம் நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து வடிக்கலாம். இலையில் சேறு காய்ந்து அப்பியிருந்தால் வெறும் தண்ணீரை ஸ்பிரேயரில் அடித்துக் கழுவலாம்.

உரத்தை உடனே கொட்டுவது பெரிய தவறு. வேர் எடுக்காது, யூரியா தண்ணீரோடு போகும். புது வேர் வெள்ளையாகத் தெரிந்து, புது இலை விரிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதுவரை வேண்டுமானால் இலைவழியாக 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் கலந்து தெளிக்கலாம். தண்ணீர் வடிந்து பயிர் எழுந்தபின், ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இடுவது வேளாண் துறை சொல்லும் அளவு, அது சரியான அளவு. அதற்கு மேல் யூரியா போட்டால் இலை பச்சையாகும், கூடவே இலைக்கருகல் நோயும் புகையான் பூச்சியும் வரும். செத்துப்போன இடங்களை, அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைக் கலைத்து நட்டு நிரப்பலாம். புது நாற்று வாங்கி நட்டால் வயது ஒத்துவராது, அறுவடையில் பாதி பழுக்கும், பாதி பால் பிடிக்கும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நெல் வயல் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாகக் கணக்கிடும் வசதி 2018-இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஊருக்கே சராசரி விளைச்சல் குறைந்தால்தான் இழப்பீடு. மேட்டு வயல் நன்றாக விளைந்த ஊரில், தாழ்வு வயல்காரரின் நஷ்டம் சராசரிக்குள் கரைந்துபோனது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நெல் மூழ்குவது மீண்டும் தனி வயல் இழப்பாகச் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும். அடங்கல் என்ற ஊர்ப் பயிர்க் கணக்கில் பெயரில்லாத குத்தகைக்காரருக்கும், புறம்போக்குப் படுகையில் பயிர் செய்கிறவருக்கும் இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை, அது எனக்குப் பெரிய உறுத்தல்.

படம் எடுக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வயலின் தாழ்ந்த மூலையில், மழைக்கு முன்பே, அங்குலம் குறித்த ஒரு மூங்கில் கழியை ஊன்றி வையுங்கள். மூழ்கிய அன்றைக்கு ஒரு படம், பிறகு தினமும் காலையில் அதே இடத்தில் நின்று ஒரு படம். கழியில் தண்ணீர் எத்தனையில் நிற்கிறது என்பதோடு எந்தத் தேதியில் இலை நுனி வெளியே வந்தது என்பதும் அதில் பதிவாகும். பக்கத்து வடிகாலில் பாதைக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் இன்னும் இரண்டு கழி ஊன்றினால், தண்ணீர் ஏன் அத்தனை நாள் நின்றது என்பதற்கும் அத்தாட்சி கிடைக்கும்.